வெயில் அண்ணனுக்கு, காற்று தம்பிக்கு

அத்தியாயம் பதினொன்று

வீடு ஏற்கெனவே பிரிந்திருந்தது. மாடி அண்ணனுக்கு, கீழ்த்தளம் தம்பிக்கு. போன வாரம் சமையலும் தனித்தனியானது. அடுத்தது கரண்ட். அதைப் பிரிக்க இன்று காலை ஃபியூஸ் வந்தாள்.

ஃபியூஸ் அந்த வீட்டில் பிறந்தவள். அண்ணனுக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. சின்ன வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஸ்விட்ச் போர்டைக் கழற்றித் தெருவையே இருட்டாக்கியதில் வந்த பெயர். பிறகு அதுவே தொழிலானது. கூரைகளில் சூரியப் பலகை பொருத்துவாள். காற்றாடிக் கம்பங்களில் ஏறுவாள்.

இந்த வீட்டின் ஏற்பாடும் அவள் கையால் ஆனதுதான். ஊருக்கு வந்த மின்கம்பி, வீடு நிற்கும் மேட்டின் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. அதனால் கூரையில் பலகைகள், கொல்லையில் உயரமாக ஒரு காற்றாடி, கீழ்த்தள மூலையறையில் பேட்டரிகள். பகலில் வெயில் கொடுக்கும். சாயங்காலம் பள்ளத்திலிருந்து காற்று ஏறி வரும். இரண்டும் இல்லாத நேரத்தைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

பார்த்துக்கொள்ளாமல் போனது ஒரே ஒரு முறை.

அண்ணன் தையல்காரர். போன மாதம் ஒரு அவசர வேலைக்காக அவருடைய நீராவி இஸ்திரி விடிய விடிய ஓடியது. பேட்டரி தீர்ந்துபோனது. கீழே சின்னவளின் பொரிக்கும் பெட்டி நின்றது. தம்பியின் மனைவியான அவள் கோழிப் பண்ணைக்காரரிடம் முட்டை வாங்கிப் பொரித்துக் குஞ்சுகளாகக் கொடுக்கிறவள். பெட்டி நிறைய முட்டை. அத்தனையும் கூமுட்டை.

“உங்க மடிப்புக்கு என் குஞ்சுங்க போச்சு,” என்றாள் சின்னவள்.

“அந்தக் காற்றாடி கத்தற கத்துல எனக்குத் தூக்கம் போய் வருஷமாச்சு. நான் ஏதாவது சொன்னேனா?” என்றார் அண்ணன்.

தம்பி லாரி ஓட்டுகிறவன். வெளியூரிலிருந்தே ஃபோனில் அண்ணனிடம் கத்தினான். அண்ணன் பாதியில் வைத்துவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. சின்னவளோடும் நின்றது.

*

“நாலு பேட்டரி இருக்கு. ஆளுக்கு ரெண்டு,” என்றார் அண்ணன்.

“அது என்ன சோத்துப் பானையா? நாலும் கைகோத்து நிக்குதுண்ணே. ரெண்டைப் பிரிச்சா ரெண்டு பக்கமும் உதவாது.”

“அப்ப என்னதான் வழி?”

“பலகை ஒருத்தருக்கு. காற்றாடியும் பேட்டரியும் ஒருத்தருக்கு.”

அண்ணன் யோசிக்கவே இல்லை. “பலகை எனக்கு. நான் தைக்கிறது பகல்ல. ராத்திரி எனக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா? போர்த்திக்கிட்டுத் தூங்குவேன்.”

“மேகம் வந்தா மெஷின் நிக்கும்.”

“நிக்கட்டும். மேகத்தோட எனக்குச் சண்டையில்ல.” கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “ஒண்ணு மட்டும் கேட்டுக்க. பிரிச்சது பிரிச்சதுதான். என் பலகைக் கம்பி கீழே இறங்கக் கூடாது.”

ஃபியூஸ் கீழே வந்து சொன்னாள்.

“நல்லதாப் போச்சு அண்ணி,” என்றாள் சின்னவள். “நானும் அதையேதான் சொல்ல இருந்தேன். உங்க அண்ணன் கம்பி என் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. இவர் தயவுல பொரிச்ச குஞ்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரும்.”

“ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசறீங்க.”

“நான் எங்க? அவர் எங்க?”

ஃபியூஸ் மூலையறைக்குப் போனாள். பலகையிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, முனையில் டேப் சுற்றினாள். அதை மாடி இன்வெர்ட்டருக்குத் திருப்பினாள். வேலை சீக்கிரமே முடிந்தது. ஒன்றாகச் சேர்ப்பதற்கு அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

பேட்டரி முள்ளைப் பார்த்தாள். பாதிக்கும் கீழே. நேற்று ராத்திரி காற்றே இல்லை.

“சின்னவளே, இன்னைக்குச் சிக்கனமா இரு. காற்று பாதி அடிச்சா கரண்டும் பாதி வரும்னு நினைச்சுக்காதே. எட்டுல ஒரு பங்குதான் வரும்.”

“ரெண்டு மடங்கு அடிச்சா?”

“எட்டு மடங்கு.”

“உங்க தம்பி மாதிரின்னு சொல்லுங்க. வந்தா வீடே அமளிப்படும். வரலைன்னா ஆளே இல்ல.”

ஃபியூஸ் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்தாள். விளக்கை அணைத்தாள். மின்சார அடுப்பின் ப்ளக்கைப் பிடுங்கினாள். பெட்டி மட்டும் ஓடியது. அதன் கண்ணாடிக்குப் பின்னால் முட்டைகள் வரிசையாக இருந்தன. நாளையோ மறுநாளோ பொரிய வேண்டியவை. இந்த நேரத்தில் சூடு விட்டுப்போனால் முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும்.

“இந்தத் தடவையும் போச்சுன்னா பண்ணைக்காரர் வேற ஆளைப் பாத்துக்குவார்,” என்றாள். “அதுகூடப் பரவாயில்ல. மறுபடி ஒரு தடவை உடைச்சுப் பாக்க என்னால முடியாது அண்ணி.”

*

குளிரான நாள். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

“வெயில் சுரத்தே இல்லையே. கரண்ட் வருமா?” என்று அண்ணன் காலையில் கேட்டிருந்தார்.

“பலகைக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. சூடு இல்ல. சூடு ஏறினா அதுவும் உன்னை மாதிரி மந்தமாயிடும். அதுக்கு இதுதான் நல்ல நாள்.”

நல்ல நாளாகத்தான் இருந்தது. தையல் மெஷின் தயங்காமல் ஓடியது. ஒரே ஒரு முறை சின்ன மேகம் ஒன்று கடந்தது. காலரின் நடுவில் ஊசி நின்றது. அண்ணன் துணிமேல் கையை வைத்தபடி காத்திருந்தார். முன்பெல்லாம் மேகம் போனதே மாடிக்குத் தெரியாது. பேட்டரி தாங்கிக்கொள்ளும்.

உச்சிப்பொழுதில் கீழே பேட்டரி எச்சரிக்கை கூவத் தொடங்கியது. விட்டு விட்டு, மெல்லிய கூவல். மரத்தரை வழியாக மாடிக்கும் கேட்டது.

ஃபியூஸ் மாடிக்கு ஏறினாள். அண்ணன் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்து வைத்த சட்டைகளைப் பிரித்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே பண்றே?”

“கரண்ட் நிறைய வருது. மீட்டரைப் பாரு. மெஷின் தின்னது போக முக்கால்வாசி மிச்சம். என்ன செய்யறதுன்னு தெரியல.”

“செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. எடுக்காத வெயில் போனது போனதுதான்.”

“நாளைக்கு எடுத்துக்க முடியாது?”

“நாளைக்கு நாளை வெயில்தான் வரும்.”

அண்ணனின் முகம் சுருங்கியது. ஒரு விரல் அகலத் துண்டுத்துணியைக்கூட வீசாதவர் அவர். மேஜைக்கு அடியில் ஒரு சாக்கு. வெட்டியதில் விழுந்தது அத்தனையும் அதில் இருக்கும்.

“துணியில மிச்சம் விழுந்தா சாக்குல போடறே,” என்றாள் ஃபியூஸ். “வெயில்ல மிச்சம் விழுந்தா போடற சாக்குதான் பேட்டரி. அது கீழே இருக்கு.”

“கம்பி கீழே வராது.”

“நான் கேக்கலையே.”

“அந்தப் பொண்ணு கேட்டுதா?”

“கேக்கல. கேக்கவும் மாட்டா.”

“திமிர்.”

“ஆமா. இந்த வீட்டுக்கு வாழ வந்தவதானே.”

கீழே கூவல் நின்றது. அண்ணன் இஸ்திரியைத் தூக்கிப் பிடித்தபடி காது கொடுத்துக் கேட்டார்.

“ஏன் நின்னுடுச்சு?”

“அடியோட காலியானா பேட்டரி கெட்டுப்போகும். அதனால கொஞ்சம் மிச்சம் வெச்சுக்கிட்டு அதுவே அணைஞ்சுக்கும்.”

“அப்ப பெட்டி?”

“பெட்டியும்தான்.”

அண்ணன் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குழாய் மூலையில் இருந்த சின்னக் கொதிகலனுக்குப் போனது. கொதிகலன் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

“ஃபியூஸு.”

“ம்.”

“கம்பிதானே போகக் கூடாது?”

“ஆமா.”

“தண்ணி போகலாமில்ல?”

*

கொதிகலனின் குழாயைத் திறந்து முதல் பாட்டிலை நிரப்பினார். தொட்டதும் கையை உதறினார். வெறும் பாட்டிலை முட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் வெந்துவிடும் என்றாள் ஃபியூஸ். அவர் சாக்கைக் கவிழ்த்தார். கம்பளித் துண்டு ஒன்று, காடாத் துண்டு ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடித்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினார். பாட்டிலுக்கு ஒரு உறை ஆனது. அடுத்ததற்கு இன்னொன்று.

“காலர் வைக்கலையா?” என்றாள் ஃபியூஸ்.

“நேரம் இல்ல. பட்டன் வேணும்னா சொல்லு.”

கூரையில் விழுந்த வெயில் கம்பியில் இறங்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. கம்பி அங்கேயே நின்றுகொண்டது. தண்ணீர் படியில் இறங்கியது.

கீழே சின்னவள் பெட்டியைப் பழைய போர்வையால் மூடி, அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். நிமிர்ந்து பாட்டில்களைப் பார்த்தாள். உறையின் தையலைப் பார்த்தாள்.

“யார் குடுத்தது?”

“தண்ணி.”

“யார் வீட்டுத் தண்ணி?”

“மழைத் தண்ணி. தொட்டி பொதுதானே. தொட்டியை இன்னும் பிரிக்கலையே.”

சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள். பாட்டில்களை முட்டைத் தட்டுக்குக் கீழே, தொடாமல், இருபுறமும் வைத்தாள். வெப்பமானியின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றது. சிறிது பொறுத்து மேலே ஏறத் தொடங்கியது.

“நல்ல உறை,” என்றாள். “சொல்லிடாதீங்க.”

பாட்டில்கள் ஆறின. ஆறியவை மாடிக்குப் போயின, சூடானவை கீழே வந்தன. ஃபியூஸ் சில முறை ஏறி இறங்கினாள். பிறகு காற்றாடிக் கம்பத்தில் பார்க்க வேண்டிய வேலை இருந்தது. சாயங்காலக் காற்று வருவதற்குள் காற்றாடியின் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தாக வேண்டும். காய்ந்த பேரிங் சத்தம் போடும், காற்றையும் வீணாக்கும். பலகையைத் துடைத்தால் போதும். காற்றாடிக்கு வருஷம் முழுக்க ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

“அப்ப இதை யாரு எடுத்துட்டுப் போறது?” என்றார் அண்ணன், கையில் பாட்டிலோடு.

“உனக்குக் கால் இல்லையா?”

அவள் கொல்லைக்குப் போய்விட்டாள்.

அண்ணன் இறங்கினார். நிலைப்படிக்கு வெளியே நின்று பாட்டிலைத் தரையில் வைத்தார். இருமினார். உள்ளிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. ஆறிய பாட்டில் ஒன்று அந்த இடத்தில் வைக்கப்பட்டது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஏறினார். அடுத்த முறை இருமல் தேவைப்படவில்லை. செருப்புச் சத்தமே போதுமானதாக இருந்தது.

மூன்றாம் முறையோ நான்காம் முறையோ, ஆறிய பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. காலையில் சமைத்தது. மூடி வைத்திருந்தது. அவர் தட்டைப் பார்த்தார். நிலைப்படியைப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தன் சமையலை ஒரு வாரமாகச் சாப்பிட்டு வந்தவர் அவர். தட்டில் ஒரு பருக்கையும் மிஞ்சவில்லை.

*

வெயில் சாய்ந்தது.

கொதிகலன் முணுமுணுப்பதை நிறுத்தியது. மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. பலகைகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. வானத்தில் வெளிச்சம் நிறையத்தான் இருந்தது. ஆனால் அது சாய்வாக வந்தது. கடைசிப் பாட்டில் வெதுவெதுப்பாகத்தான் நிரம்பியது.

அண்ணன் ஜன்னலைத் திறந்தார். “ஃபியூஸு! இது போதுமா?”

“போதாது,” என்றாள் அவள் கம்பத்தின் மேலிருந்து.

“இப்ப கம்பியைச் சேத்தா?”

ஃபியூஸ் கீழே குனிந்து பார்த்தாள். “உன் வாயாலதான் சொல்றியா?”

“கேக்கறேன்.”

“உச்சிப்பொழுதுல கேட்டிருந்தா பேட்டரி நிரம்பியிருக்கும். இப்ப சேத்தா ஒரு பல்பு எரியும்.”

அவர் ஜன்னலிலேயே நின்றார். பிறகு கடைசிப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார். நிலைப்படியில் வைத்துவிட்டு இந்த முறை போகவில்லை. உள்ளே சின்னவள் போர்வைக்குள் கையை விட்டு வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே முள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது.

கொல்லையில் ஒன்றும் அசையவில்லை. ஃபியூஸ் கம்பத்திலிருந்து இறங்கிக் கையைத் துடைத்தபடி நின்றாள். மூன்று பேரும் மூன்று இடத்தில் நின்று ஒரே திசையைப் பார்த்தார்கள். பள்ளத்தின் பக்கம்.

முதலில் கொடியில் காய்ந்த துணி ஒன்று அசைந்தது. பிறகு வேலியோரப் புல் படுத்து எழுந்தது. காற்றாடியின் வால் மெல்லத் திரும்பி, முகத்தைக் காற்றுக்கு நேரே கொண்டுவந்தது. இறக்கைகள் ஒரு சுற்று சுற்றின. நின்றன. ஃபியூஸ் மூச்சு விடவில்லை. மறுபடி சுற்றின. இந்த முறை நிற்கவில்லை.

அவள் மூலையறைக்கு ஓடினாள்.

பேட்டரி உடனே விழித்துவிடாது. கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அவள் மீட்டருக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். வெளியே காற்று வலுத்தது. எட்டில் ஒரு பங்கு. கால் பங்கு. பாதி.

டக் என்று இன்வெர்ட்டர் பிடித்தது.

பெட்டியின் விளக்கு எரிந்தது. உள்ளே சின்ன விசிறி சுழலத் தொடங்கியது. சின்னவள் போர்வையை உருவினாள். கதவைத் திறந்து, ஆறிப்போன பாட்டில்களை வெளியே எடுத்தாள். ஓரத்து முட்டைகளைத்தான் குளிர் முதலில் தொடும். அவற்றை உள்பக்கம் மாற்ற ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள். ஒன்றைக் காதருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள்.

“அண்ணி!”

மூலையறையில் காற்றாடியின் இரைச்சல். ஃபியூஸுக்குக் கேட்கவில்லை.

“அண்ணி, தட்டுது! உள்ளேருந்து தட்டுது!”

நிலைப்படியில் நின்றவருக்குக் கேட்டது. அவர் கழுத்தை நீட்டினார். கால் நகரவில்லை.

அப்போது ஜன்னலோர மேஜையில் சின்னவளின் ஃபோன் அடித்தது. தம்பியின் பெயர் ஒளிர்ந்தது. அவள் இரண்டு கையிலும் முட்டை. திறந்த பெட்டியிலிருந்து சூடு வெளியேறிக்கொண்டிருந்தது. ஃபோன் நிற்கவில்லை.

அவள் திரும்பாமலே சொன்னாள்.

“பெரியத்தான், அந்த ஃபோனை எடுங்க.”

அண்ணன் நிலைப்படியைப் பார்த்தார். தாண்டினார்.

ஃபோனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர்போல அதைப் பிடித்தார். பச்சையைத் தொட்டார். காதில் வைத்தார். ஹலோ சொல்ல இடமே கிடைக்கவில்லை.

“கேளு, பேசாம கேளு,” என்றது தம்பியின் குரல். “நான் நல்லா யோசிச்சுட்டேன். அந்தச் சனியன் பிடிச்ச காற்றாடியாலதான் இவ்வளவும். அண்ணன் பாவம், வருஷக்கணக்கா தூங்காம கிடந்திருக்கார். ஒரு வார்த்தை சொல்லல. நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். இங்க ஒருத்தர் அந்தக் காற்றாடியைக் கேட்டார். தர்றேன்னு வார்த்தை குடுத்துட்டேன். காலையில ஆளுங்க வந்து கம்பத்தோட இறக்கிடுவாங்க. பலகையும் பேட்டரியும் இருக்கு, நமக்கு அது போதும். நீ குறுக்கே எதுவும் பேசாதே. அவர்கிட்டயும் இப்ப சொல்லாதே. விடிஞ்சதும் அது இல்லாம இருக்கட்டும். அவரே புரிஞ்சுக்குவார். என்ன, கேக்குதா?”

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். சின்னவள் முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் ஓட்டில் முடி அளவு ஒரு கீறல்.

“யாரு பெரியத்தான்? அவர்தானே? என்ன சொல்றார்?”

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ஏய், லைன்ல இருக்கியா? சரி, வைக்கிறேன்.”

“வெச்சிடாதே,” என்றார் அண்ணன். “நான்தான்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லாரியின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.